ரமீரோவுக்குக் கலைமதி அனுப்பிய கேள்விகள்

2023 ஜனவரி 18, காணும் பொங்கலுக்கு மறுநாள், தமிழ்செல்வன் அரிமளத்தில் பஸ் ஏறினார். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. மனைவி கலைமதி வழியனுப்பிவிட்டு நேரே தைலமர நர்சரிக்குப் போய், நாற்றுப் பைகளில் மண் நிரப்பினார்.

பதினாலாம் மாதம் ஏஜென்ட் போன் செய்தார். பெரு நாட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியபோது தமிழ்செல்வன் அதில் இல்லை; கடலில் விழுந்திருக்கலாம் என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

மாமியார் அமிர்தவல்லி இரண்டு மாதம் அழுதார். பிறகு, ஆடி அமாவாசையில் காரியம் செய்துவிடலாம் என்றார். இளைய மகனுக்குப் பேசிய பெண் வீட்டார், மூத்தவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். காரியம் நடந்தால் கலைமதி தாலியைக் கழற்ற வேண்டும்.

கலைமதியிடம் ஒரு நம்பர் இருந்தது. தமிழ்செல்வன் கடைசியாகப் பேசியது, கூட வேலை பார்த்த ரமீரோவின் போனில். ரமீரோவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். நான் ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் மூன்று வருஷம் சுற்றி வந்தவள் என்று கேள்விப்பட்டுக் கலைமதி என்னிடம் வந்தார். நானே எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"நீ எழுதுனா எழுத்துதான் போகும் கார்த்திகா. பொண்டாட்டி கேக்குறான்னு அந்த ரமீரோவுக்குக் கேக்கணும்ல?"

கேட்க வேண்டியதெல்லாம் முன்பே நடந்தவை. ஆகவே இறந்தகாலத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பாடம் மூன்று வினைகளில் தொடங்கும்: பேசு, சாப்பிடு, வாழ். இவற்றின் முடிவுகள் பிடிபட்டால் மற்ற பல வினைகளும் அதே வழியில் வந்துவிடும். ஆப்லோ, பேசினார். கோமியோ, சாப்பிட்டார். நர்சரியில் ஒரு நாற்றுப் பைக்கு ஒரு சொல்லாக அவர் முணுமுணுக்க, மண் சலித்த பெண்கள் "வெளிநாட்டுச் சாமிய கூப்புடுறா" என்று கிண்டல் செய்தார்கள்.

பிபியோ, வாழ்ந்தார் என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அது வேணாம். வேற சொல்லு."

பஹோ, இறங்கினார் என்றேன்.

தமிழ்செல்வனின் மனைவி பேசுகிறேன், கப்பலை விட்டு இறங்கினாரா, சாப்பிட்டாரா, என்ன பேசினார் என்று கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது. தினமும் அனுப்பினார். தினமும் ஒற்றை டிக்.

ஆடி அமாவாசையன்று தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். நான் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தையில் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது.

பங்குனியில் ஒரு மத்தியானம் கலைமதி மண் கையோடு வந்து போனை நீட்டினார்; ரமீரோவின் குரலில் பதில் வந்திருந்தது. ரமீரோ பழைய சிம்மை மறுபடி போட்டிருக்க வேண்டும். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். மூன்று சொற்களை அவரே சொன்னார். நாங்கள் படிக்காத நான்காவதை மட்டும் என்னிடம் கேட்டார். ரமீரோ சொன்னது இதுதான்:

"என்னோடு இறங்கினார். எங்கள் வீட்டில் சாப்பிட்டார். உங்களைப் பற்றிப் பேசினார். காலையில் ஒரு பஸ் ஏறினார்."