ஆண் கண் படாத வீடியோ

நான் பொய்ச் சத்தியம் செய்தவள். அல்லாஹ்வின் பெயரால், ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கூசாமல் செய்தேன். இரண்டு வருடமாக ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் மன்னிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் குற்றம் விளங்கும். சாய்ந்தமருதில் இருக்கிறேன். கல்யாண வீட்டுப் பழைய வீடியோ கசெட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுக்கிறேன். அதுவும் பெண்கள் பகுதியை மட்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்தப் பகுதியை ஒரு பெண்தான் படம் பிடிப்பாள். பிற ஆண்கள் அதைப் பார்க்கக்கூடாது. கல்முனைக் கடைகளில் கணினிக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஆண்கள். அதனால் இருபது வருடம் அலுமாரிக்குள் கிடந்த கசெட்டுகள் என் வாக்கை நம்பி வந்தன. 'ஆண் கண் படாது.' அதுதான் என் வாக்கு.

மென்பொருளைக்கூட அந்த வாக்கை வைத்துத்தான் தேர்ந்தேன். விலையும் வேகமும் பிறகு. அது படத்தை வெளியே அனுப்புமா என்பதுதான் என் முதல் கேள்வி. இணையத்தில் ஏற்றினால் நொடியில் மாற்றித்தரும் தளங்கள் எத்தனையோ உண்டு... ஏற்றிய படம் எந்த நாட்டில், எவன் முன்னால் போய் நிற்கும்? வேலை தொடங்குமுன் இணைய வயரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள்!

முதலில் எடுத்த மென்பொருள் மணமகளின் நெற்றியில் தன் பெயரைப் பொறித்தது. இரண்டாவது ஓர் அவசரக்குடுக்கை. யாராவது கொஞ்சம் அசைந்தாலே முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. மூன்றாவது ஆமை. ஒரு கசெட்டுக்கு ஒரு பகல் எடுக்கும். ஆனால் கையிலுள்ள மருதோன்றிக் கோடுவரை தெளிவாகத் தரும். அதையே வைத்துக்கொண்டேன்.

அறை வாசலில் ஒரு திரை. என் கணவர் நிசார் கணினி திருத்துபவர். ஆனாலும் வேலை நடக்கும்போது அவர்கூட உள்ளே வரக்கூடாது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடு என் பெயரில், சட்டமும் என்னுடையது.

அப்போதுதான் மாவடிப்பள்ளியிலிருந்து சுபைதா மாமி ஒரு கசெட்டோடு வந்தார். அவருடைய ஒரே மகள் றிஸ்வானாவின் கல்யாணக் கசெட். அவள் கல்யாணம் முடிந்து ஐந்தாம் வருடம் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். மாமிக்குச் சீனி வருத்தம். அந்த நீரிழிவில் ஒரு கண் போய்விட்டது. மற்றதும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மகள், எண்ட கண்ணுல வெளிச்சம் இருக்கக்குள்ள அவள்ட சிரிப்ப ஒருக்காப் பார்க்கணும். ஆம்புளட கண் மட்டும் பட்டுரப்படா. மச்சான்மார் வந்தாலே முக்காட்ட இழுத்துப் போடுற புள்ள அவள்."

"ஓம் மாமி, நான் செஞ்சி தாறன்" என்றேன்.

கசெட்டில் பூஞ்சணம். துடைத்து ஓடவிட்டேன், விக்கி விக்கி ஓடியது. விக்கிய இடங்களில் எல்லாம் படம் விடுபட்டது, சத்தம் மட்டும் தன் பாட்டில் போனது. பாதிக்கு மேல் வாய் வேறு, குரல் வேறு! றிஸ்வானா சிரித்து வாயை மூடிய பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. 'உம்மா' என்று அவள் கூப்பிடும் சத்தம், மாமி வந்து பக்கத்தில் நின்ற பிறகு கேட்டது. ஆமையில் இருந்த அத்தனை அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன். மூன்று கிழமை போனது.

மாமி போன் எடுத்துக் கேட்டார். "முடிஞ்சா மகள்? இப்ப லைட்டச் சுத்தி வளையம் வளையமாத் தெரியிது."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் திரையை விலக்கினேன்.

"இஞ்சருங்க, உள்ள வாங்க."

நிசார் வாசலிலேயே நின்றார். "இது அமானிதம் புள்ள, நம்பித் தந்த பொருள். பாவத்துல என்னையும் கூட்டுச் சேர்க்காத."

"பாவம் எனக்கு. வந்து இருங்க."

அவர் கண்ணை மூடிக்கொள்ள, நான் வாயைப் பார்த்து இடம் சொல்லி, அப்படியும் அரை நாள் முயன்றோம். இருந்ததும் கெட்டது. கடைசியில் அவர் கண்ணைத் திறந்தார். எனக்குத் தெரியாத வேறொரு மென்பொருளைப் போட்டார். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அவளுடைய உதட்டைப் பார்த்துப் பார்த்துக் குரலைச் சேர்த்தார். இரண்டு நாள். முக்காடு இல்லாத தலை, பூ வைத்த கூந்தல்... எல்லாவற்றையும் ஓர் ஆண் பார்த்தார். முடித்ததும் எழுந்து போய், தொழுகைக்குப் போல முகம் கைகால் கழுவி வுழூச் செய்தார்.

மாமி வந்தார். இருக்குமுன்பே கேட்டார்.

"ஆம்புளட கண் படல்லதானே, மகள்?"

"வல்லாஹி, படல்ல மாமி."

அவர் சத்தியம் கேட்கவில்லை! 'இல்லை' என்றாலே நம்பியிருப்பார். நானாகத்தான் அல்லாஹ்வை இழுத்தேன். ஏன் இழுத்தேன்? பயமா, திமிரா?

டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் மாமி இருந்தார். றிஸ்வானா எங்களைப் பார்த்துத் திரும்பி, "உம்மா, இஞ்ச வாங்க" என்றாள். வாயும் குரலும் ஒன்றாக வந்தன.

"வந்துட்டன் மகள்" என்றார் மாமி, டிவியைப் பார்த்து.

சொல்லுங்கள், வாயும் குரலும் பிரிந்த படத்தைக் கொடுத்துவிட்டு நான் நல்லவளாக இருந்திருக்க வேண்டுமா? அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம்.

ஆனால் அந்த நல்ல பெயரும் என்னைத் தேடி வந்தது, பாருங்கள். மாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். 'வல்லாஹி எண்டு சொல்லித் தந்தவ' என்று நிந்தவூரிலிருந்தும் கசெட்டோடு வருகிறார்கள். நானும் வாங்கி வைக்கிறேன்.

சத்தியத்துக்கான பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்துவிட்டேன். தௌபா என்ற பாவமன்னிப்பு மட்டும் நிறைவேறவில்லை. செய்ததை நினைத்து வருந்த வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மதரசாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லும். பொய்க்கு வருந்துகிறேன். நிசாரை உள்ளே கூப்பிட்டதற்கு வருந்த எனக்கு மனம் வரவில்லை... வராது!

மாமிக்கு இப்போது இரண்டு கண்ணும் இல்லை. ஒவ்வொரு நாளும் அசர் தொழுகைக்குப் பிறகு அந்த டிவிடித் தட்டைப் போட்டுக் குரலைக் கேட்கிறாராம். நான் போய் உண்மையைச் சொன்னால் மன்னிப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தட்டைப் போடமாட்டார். மகளின் மானத்துக்காகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அதனால் மாவடிப்பள்ளிக்கு நான் போகவில்லை.

மறுமையில் மாமிக்குக் கண் தெரியும். என்னைத் தேடி வந்து அதே கேள்வியைக் கேட்பார். ஓர் ஆண் பார்த்தார், கூப்பிட்டது நான்தான் என்று அங்கே சொல்வேன்.