ஒன்றாம் எண்

எங்கள் நெய்வேலிப் பள்ளியின் பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஒரே நெட்வொர்க்கில் இணைத்தவள் மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் என் வகுப்புத்தோழி செல்வி. மற்றவை எல்லாம் தேடி வரும் தலைமைக் கணினி, அதாவது சர்வர், அவளுடையதுதான். அதன் முகவரி எண் ஒன்று. அப்பாவின் கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே லினக்ஸ் வைத்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக் கண்காட்சியன்று என் கணினிக்கும் ஒன்று என்றே கொடுத்தேன். ஒரே எண் இரண்டுக்கு இருந்தால் நெட்வொர்க் குழம்பும் என்பது பொறாமையில் மறந்துபோனது. பெற்றோர் முன்னால் கணினிகள் எல்லாம் திணறி நின்றன.

செல்வி கண்டுபிடித்துவிட்டாள். என் பக்கம் குனிந்து, "மிஸ்கிட்ட ஒயர் லூசுன்னு சொல்லிட்டேன். ஒண்ணு ஒனக்கே இருக்கட்டும்டா" என்றாள்.

தன் சர்வருக்கு இரண்டு என்று கொடுத்து, மற்ற கணினிகளுக்கும் அதைச் சொல்லிவைத்தாள். எல்லாம் ஓடின. ஒன்று என்னிடமே இருந்தது. யாரும் அதைத் தேடி வரவில்லை.

அவள் லினக்ஸ் மீதிருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அந்த மனசு மீதான பொறாமைதான் இன்னும் போகவில்லை.