மூடுபனி பிடித்த இடம்

அப்புத்தளையில் அற்புதராஜ் நடத்தும் தங்குமிடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எதையும் பார்க்காமலேதான் திரும்பிப் போவார்கள். மொத்தம் இரண்டே அறை. இரண்டின் சன்னலும் தெற்கே பார்த்தவை. வானம் தெளிந்த காலையில் மலை தேயிலைச் சரிவுகளாக இறங்கி, கீழே சமவெளியாக விரிந்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கடல் ஒரு வெள்ளிக் கம்பியாகக் கிடப்பது தெரியும். அப்படியொரு காலை வாய்க்க அதிர்ஷ்டம் வேண்டும். மற்ற நாட்களில் பனி மேலேறி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அற்புதராஜ். பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தார். பிறகு, கையிலிருந்ததைப் போட்டு இந்த இரண்டு அறையையும் கட்டினார். திறந்த முதல் மாதமே ஒரு குடும்பம் மூன்று நாள் தங்கி, மூன்று நாளும் வெள்ளையையே பார்த்துவிட்டுப் போனது. அவர்கள் போன மறுநாள் மலை பளிச்சென்று திறந்துகொண்டது. மனசு கேட்காமல் அவர் ஒரு படம் எடுத்து அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து ஏழு வருஷமாக, காலை ஆறரைக்கு, பின்வாசலில் அதே இடத்தில் நின்று படம் எடுக்கிறார். பார்க்காமல் போனவர்களுக்கெல்லாம் தெளிந்த நாளின் படம் ஒன்று போகும். அதற்காகவே அவர் பெயரை நாலு பேரிடம் சொல்லிவிட்டவர்கள் உண்டு.

படங்கள் ஃபோனிலிருந்து தாமாகவே கிளவுடுக்குப் போய்விடும்படி, கொழும்பில் வேலை செய்யும் மகள் நிலக்ஷனா ஏற்பாடு செய்திருந்தாள். கிளவுட் என்றால் மேகம் என்று அவள் விளக்கியபோது மனைவி நேசராணி சிரித்துவிட்டாள்.

“மேகத்தப் புடிச்சு மேகத்துலயே கொண்டுபோய்ப் போடுறாரு ஒங்கப்பா.”

இந்த வருஷம் நடுவில் அந்த மேகம் நிரம்பிவிட்டது. இலவசமாகக் கொடுத்த இடம் முடிந்தது, மாதாமாதம் காசு கட்டினால் கூடுதல் இடம் உண்டு என்று ஃபோன் சொன்னது.

“இன்னொரு கணக்கு ஃப்ரீயா தொறங்களேன்,” என்றாள் நேசராணி.

“அப்பிடித் தொறந்ததுதானே ஒண்ணு? பாஸ்வேர்ட் மறந்து, ஒரு வருஷத்துப் படம் முழுசா அதுக்குள்ள பூட்டிக் கெடக்கு.”

“அப்ப காசக் கட்டுங்க.”

“கண்ணுல காணாத எடத்துக்கு மாசாமாசம் வாடகையா?”

அவருக்கு வேறு வழி தோன்றியது. வெள்ளைப் படங்களை அழித்துவிட்டால் என்ன? அவற்றை யாருக்கும் அனுப்பியதில்லை. ஒன்றுமே இல்லாத ஆயிரத்துச் சொச்சம் படங்கள். இரண்டு சாயந்தரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அழித்தார். அழிக்க அழிக்க அவருக்கே ஒரு மயக்கம் வந்தது. எல்லாம் வெள்ளைதான், ஆனால் ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒன்று பால் போல, ஒன்று சாம்பல் போல, ஒன்றுக்குள் எங்கோ விளக்கேற்றி வைத்ததுபோல மங்கலாக மஞ்சள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மழை பெய்துகொண்டிருக்கும்போது, கேட்டில் ஒரு பெண் நின்றாள். கையில் நாலு வயது மகள்.

“பதுளயிலருந்து வாறோம் அண்ணன். நான் மர்லியா. ரூம் போட்டிருந்தேனே, இன்னைக்கும் நாளைக்கும்.”

ஒரு அறையில் ஆள் இருந்தது. மற்றதில் நேசராணி காயாத விரிப்புகளைக் கயிறு கட்டித் தொங்கப்போட்டிருந்தாள். மர்லியா தன் ஃபோனைக் காட்டினாள். இணையத்தளத்தில் பதிவு சரியாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் மின்னஞ்சல் வரவில்லை. நேசராணி பதறிப்போய் விரிப்புகளை வாரினாள். அற்புதராஜ் மகளுக்கு அழைத்தார்.

“அழிச்சதெல்லாம் குப்பைக் கூடையில இருக்கும்ப்பா. அதக் காலி பண்ணினீங்களா?”

“கூடை வேறயா?”

“கூடையில இருக்கிற வரைக்கும் அதுவும் எடம் புடிக்கும். மெயிலுக்கும் அதே எடந்தான்ப்பா, எடம் இல்லாட்டி வாசலோட திரும்பிப் போயிரும். இப்பவே காலி பண்ணுங்க.”

கடைசி மின்னஞ்சல் வந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. அவர் கூடையைத் திறந்து, எல்லாவற்றையும் நிரந்தரமாக அழிக்கவா என்ற கேள்விக்கு மேலே விரலைக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு மர்லியா தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்து நின்றாள்.

“அண்ணன், அஞ்சு வருஷத்துக்கு முந்தி நானும் மகள்ட வாப்பா நப்ரீஸும் வந்தோம். ரெண்டு நாளும் மூடுபனி. நீங்க பொறகு ஒரு படம் அனுப்பினீங்க.”

“ஆமா தங்கச்சி, நல்ல தெளிவான படமா அனுப்பியிருப்பேன்.”

“நல்ல படம்தான். ஆனா அது எங்கட நாள் இல்லையே.” அவள் சன்னலைப் பார்த்தாள். “அதுக்கு அடுத்த கிழமை நப்ரீஸ் டோஹாவுக்கு வேலைக்குப் போக இருந்தாரு. வெளிய போக ஏலாது, பாக்க ஒண்ணுமில்ல. ரெண்டு நாளும் இந்த வெள்ளயப் பாத்துக்கிட்டே பேசினோம். கல்யாணம் முடிச்சு அவ்வளவு பேசினது அப்பத்தான். அண்டைக்கு எடுத்த படம் இருக்குமா?”

அற்புதராஜ் விரலை மெல்ல விலக்கினார். தேதி கேட்டார். அவள் யோசிக்காமலே சொன்னாள். கூடைக்குள் நெடுநேரம் துழாவி, ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினார். அதில் மரமில்லை, மலையில்லை, வேலிகூட இல்லை. இடது மூலை மட்டும் கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது.

மர்லியா அதை அப்படியே டோஹாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஃபோனில் நப்ரீஸின் குரல்பதிவு ஒன்று வந்தது. “யா அல்லாஹ், அந்த மூடுபனிதானே? எங்க புடிச்சீங்க?”

அவள் திரும்பத் திரும்ப அதைப் போட்டுக் கேட்டாள். அற்புதராஜ் எழுந்து சமையலறைக்குப் போனார்.

“நேசம், ஒன் பேங்க் கார்டக் குடு.”

“என்னத்துக்கு?”

“வாடகை கட்டத்தான்.”

நேசராணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள். கிளவுடில் இருப்பதிலேயே சின்ன இடமாகப் பார்த்து எடுத்தார். படங்கள் இனி அங்கே. அறை பதிவுகளுக்கென்று, எதுவும் அடைத்துக்கொள்ளாத தனிக்கணக்கு ஒன்றை இலவசமாகவே திறந்தார். அதன் கடவுச்சொல்லை நேசராணி வேதப்புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினாள். கூடையிலிருந்த வெள்ளைப் படங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் காலைக்குத் திரும்பின.

திரும்பிப்போன மின்னஞ்சல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் யாரெல்லாம் எழுதியிருப்பார்களோ. சில மத்தியானங்களில் ஆளில்லாத அறையின் விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே, வராமல்போன அவர்களை அற்புதராஜ் நினைத்துப் பார்ப்பார். பெயர் தெரியாத யாரோ இருவர் ரயிலிலிருந்து இறங்கி, பனிக்குள் வழி விசாரித்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவதுபோல இருக்கும்.