ஆரோக்கியம்மாளுக்கு ஏறாத ஊசி

ஆரோக்கியம்மாள் சண்டைக்காரி. புதுக்கோட்டையில் அவள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை அவளிடம் ஏச்சு வாங்காத ஆள் கிடையாது. ஆனால் புளுகுணி இல்லை. புருஷன் செத்த பிறகு தினமும் ஆலங்குடியில் பஸ் ஏறி வந்து, டயாலிசிஸ் வார்டைக் கழுவித் துடைத்தே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள்.

அந்த வார்டில் ரத்தத்தோடு புழங்குகிறவர்கள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். கூட வேலை பார்த்த நாகராசு முதல் ஊசிக்கே கை வீங்கி, காய்ச்சலில் சுருண்டு படுத்தான். இவளுக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

"ஆம்பளையாய்யா நீ? மூணு ஊசியும் போட்டுட்டு அன்னன்னைக்கே வார்டு முழுக்கக் கழுவுனேன் நானு!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாய்தான் வினையாயிற்று. ஊசி பலித்ததா என்று எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாகராசுவுக்கு எதிர்ப்புச் சக்தி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இவளுக்குத் துளியும் இல்லை.

தலைமை நர்ஸ் புவனேஸ்வரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல. ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல. ஊசிக்குப் பயந்து ஓடிட்டு, போட்டேன்னு கதை விட்டீங்களா ஆரோக்கியம்மா? இனிமே இந்த வார்டுப் பக்கம் வராதீங்க."

ஊசி போட்ட நர்ஸோ எதையும் எழுதி வைக்காமல் வேலையை விட்டுப் போயிருந்தாள். சாட்சி சொல்ல நாதியில்லை. ஆரோக்கியம்மாளைத் துணி துவைக்கிற அறைக்கு மாற்றினார்கள். வார்டு போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பொய்க்காரி என்ற பேர்தான் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

திருச்சியில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி பிளெஸ்ஸிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தாள்.

"அக்கா, மூணு ஊசி போட்டும் எனக்கும் சக்தி ஏறலக்கா. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

"அடிப்பாவி! வெக்கப்படுற விசயமாடி இது?" என்றவள், போனோடு நேரே பெரிய டாக்டர் நிலவழகன் அறைக்குள் நுழைந்தாள். புவனேஸ்வரியும் அங்கேதான் இருந்தாள்.

டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார். "காய்ச்சல் வந்தாத்தான் ஊசி பலிச்சதுன்னு ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஒரே ஊசிதான், ஆனா அப்பா அம்மாகிட்டேருந்து வர்ற மரபணு ஆளுக்கு ஆள் வேற. சில பேரு ஒடம்பு இந்த ஊசியக் கண்டுக்கவே கண்டுக்காது. கூடப் பொறந்தவங்களுக்கும் அப்படி இருக்கலாம்."

"அப்ப குத்தம் எங்க அப்பன் ஆத்தா மேலயா? செத்தவுகள நான் எங்கிட்டுப் போயிப் புடிக்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மறுபடி ஒரு சுத்து, மூணு ஊசியும் போட்டுப் பாக்கலாம்மா. பாதிப் பேருக்கு ஏறும். ஒங்களுக்கு ஏறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஏறலன்னா அந்த வார்டு கெடையாது."

"போடுங்க. ஆனா இந்த சிஸ்டர் கையாலதான் போடணும். அதே வராந்தாவுல, நாலு பேரு பாக்க."

மூன்று தடவையும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் சேலையை இழுத்துச் செருகி, கையை நீட்டிக்கொண்டு, "நல்லாப் பாருங்கய்யா, ஓடுறனா நிக்கிறனா?" என்று கூட்டம் கூட்டினாள். புவனேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போகும்.

கடைசி ஊசிக்குப் பிறகு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று புவனேஸ்வரி துவைக்கிற அறை வாசலுக்கே வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"ஏறிருச்சு ஆரோக்கியம்மா. வேண்டிய அளவுக்கு மேலயே ஏறிருக்கு."

"காதுல விழல சிஸ்டர். பொய்க்காரின்னப்ப ஆஸ்பத்திரிக்கே கேட்டுச்சுல்ல?"

புவனேஸ்வரி வராந்தாவுக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! ஆரோக்கியம்மா பொய் சொல்லல. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்."

நாகராசு கை தட்டினான். ஆரோக்கியம்மாள் தங்கச்சிக்குப் போன் போட்டு, "ஏறிருச்சுடி! நீயும் மறுபடி போட்டுப் பாரு, மூலையில ஒக்காந்து மூக்குச் சிந்தாத" என்று உறுமிவிட்டு, டயாலிசிஸ் வார்டுக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"தரையாய்யா இது? நான் இல்லன்னதும் மாட்டுக் கொட்டாயாக்கி வச்சிருக்கீக! எவன்டா அங்க, வாளிய எடு!"