சிம்பிள் எழுத்தில் கடவுள்

அப்பா துறைமுகத்து ஸ்டோர்ஸில் வெள்ளைக்காரரின் கீழ் வேலை பார்த்தவர். அதனால் அவருடைய கல்லறையில் ஆங்கிலம்தான் இருக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். எழுதிக் கொடுத்தது நான். ஆங்கில ஆசிரியையாக நியமனம் கிடைத்த புதிது.

‘எங்கள் அன்புத் தந்தை கடவுளில் துயில்கிறார்’ என்பதுதான் வாசகம். ஒருவருடைய பெயருக்குக் கப்பிட்டல், அதாவது பெரிய எழுத்து என்பது எனக்குத் தெரியும். தந்தை என்றால் அப்பா, ஆகவே கப்பிட்டல். கடவுள் ஒருவருடைய பெயரா என்று நான் யோசிக்கவே இல்லை. God என்ற சொல்லுக்குச் சின்ன எழுத்தில், சிம்பிள் ஜீ போட்டேன்.

கல்லறையில் முப்பத்தோராம் நாள் செபம் முடிந்ததும், பங்குச் சுவாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து கல்லை வாசித்தார்.

“இதை எழுதினது ஆர்?”

“என்ர மூத்தவள்தான் சுவாமி. இங்கிலிஷ் ரீச்சர்,” என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

சுவாமியார் என்னைப் பார்த்தார். “தகப்பனுக்குக் கப்பிட்டல், ஆண்டவருக்குச் சிம்பிளோ, ரீச்சர்?”

ஆங்கிலம் தெரிந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். என்னவென்று விளங்காமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கிச் சொன்னபோது அம்மா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

“அப்ப, அப்பாவை ஆண்டவரிலும் பெரிசாக்கிப் போட்டியே? அவரையெல்லோ மோட்ச வாசலில கேள்வி கேப்பினம்?”

மறுநாள் காலை கல் வெட்டியவரிடம் போனேன்.

“நீங்கள் தந்த தாளைப் பார்த்துத்தான் பிள்ளை வெட்டினனான். எனக்கு இங்கிலிஷ் தெரியாது,” என்றார் அவர். “அழிக்க ஏலாது. மேலால வெட்டிப் பெரிசாக்கலாம்.”

அப்படியே செய்தார். புதிய ஜீ மற்ற எழுத்துகளைவிடப் பருத்து, ஆழமாக இருந்தது. கீழே தொங்கிய பழைய வாலைச் சீமெந்து பூசி மூடினார். மாரி மழை அந்தச் சீமெந்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது.

வகுப்பில் கப்பிட்டல் எழுத்துப் பாடம் வந்தால் இப்போதும் என் காது சூடாகும். மரித்தோர் திருநாளில் மற்றவர்களுக்கு முன்பே கல்லறைக்குப் போய்விடுவேன். கொண்டுபோகும் பூக்களை அந்த எழுத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் முழந்தாளிடுவேன்.