இரட்டை வேகக் கன்னடம்

உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் கன்னடத்தில் மூச்சுவிடாமல் ஓடிவருகிறது. யாரோ அவளைத் துரத்துகிறார்கள் என்று புதிதாக வருபவர் பதறலாம். யாரும் துரத்தவில்லை. எதிர்வீட்டுப் பழனிச்சாமி கன்னடப் பாடம் பார்க்கிறார், இரட்டை வேகத்தில்.

"பாதி நேரம் மிச்சமுங்க" என்பார். இந்தக் கன்னட ஊரில், ஜோகுபாளையத்தில், பம்ப்செட் கம்பெனிக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் கோபிக்காரர். மிச்சமான நேரத்தில் இன்னொரு வீடியோ பார்ப்பார். தேனீ வளர்ப்பு, கருந்துளை, சிறுநீரகம், எதையும் விட்டதில்லை. சிறுநீரகத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "அந்த ரோஸ் சட்டைக்காரரு பிரமாதமாச் சொன்னாருங்க" என்று கண்மூடி நெகிழ்வார். பார்த்ததை மறக்காமலிருக்க வழி சொல்லும் வீடியோவும் பார்த்தாயிற்று. "அஞ்சு வழிங்க. அஞ்சும் அருமை." அதற்குமேல் நான் கேட்பதில்லை. அந்த முகம் வாடுவதைக் காணும் நெஞ்சுரம் எனக்கில்லை.

கன்னடம் மட்டும் விளையாட்டல்ல. மகன் அஷ்வின் விரும்பும் சௌம்யா கன்னடப் பெண். வீட்டு மனிதர்களைப் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். பெற்ற வயிறல்லவா.

அவர் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை பழனிச்சாமி என்னையும் துணைக்கு உட்காரவைத்திருந்தார். சௌம்யாவின் அம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம ஹுடுகி இல்லி சந்தோஷவாகி இர்தாளா?" என்றார். எங்கள் பெண் இங்கே சந்தோஷமாக இருப்பாளா? ஒரே கேள்வி, ஒரு தாயின் உயிரே அதில் இருந்தது.

பழனிச்சாமிக்கு அதற்கான பதில் தெரியும். ஆனால் அது பாடத்தின் கடைசியில் இருக்கிறது. ஆகவே முதலிலிருந்து தொடங்கினார். எல்லாருக்கும் வணக்கம். ஆட்டோவுக்கு எவ்வளவு. கத்திரிக்காய் புதிதா. எல்லாம் கன்னடத்தில், எல்லாம் இரட்டை வேகத்தில். நடுவில் வரும் குக்கர் விளம்பரத்தைக்கூட அவரால் தாண்ட முடியவில்லை, அதையும் ஒப்பித்தார். அஷ்வின் தரையைப் பார்த்தான்.

"சார், குக்கரு அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார் அந்த அம்மா, நல்ல தமிழில். "நான் அல்சூர்ல தமிழ்க்காரங்க நடுவுல பொறந்தவ. தமிழ்லயே சொல்லுங்க. எம்பொண்ணு இங்க நல்லா இருப்பாளா?"

தமிழில் பழனிச்சாமி எந்தப் பாடமும் பார்த்திருக்கவில்லை.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி சாந்தகுமாரி முந்தானையில் கையைத் துடைத்தாள். "இந்த வீட்டுல பேச ஆளிருக்குதுங்கம்மா. சொன்னதைக் கேட்டு மனசுல வெச்சுக்கத்தான் ஆளில்லை. உங்க பொண்ணு வந்தா, அவ சொல்றதை நான் கேட்டுக்கறேனுங்க."

அந்த அம்மா ஆறிப்போன காபியை முழுதாகக் குடித்து முடித்தார். "நாள் பாருங்க" என்று எழுந்தார். அஷ்வின் வழியனுப்பப் பின்னால் ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் பழனிச்சாமியின் முகம் மலர்ந்தது. "கண்டிதா இர்தாளெ" என்றார், நிச்சயம் இருப்பாள் என்று. கேட்க அந்த அம்மா இல்லை. வீடியோவில் விட்டுப்போன இடத்துக்குத் திரும்ப ஃபோன் திரையின் இடது ஓரத்தைத் தட்டுவோமே, அதுபோல, சாத்திய கதவின் இடது ஓரத்தை ஒற்றை விரலால் இருமுறை தட்டினார்.