மழையில நனைஞ்ச கையும் மாதா கேட்ட ஜெபமும்

என் கையில தண்ணி பட்டா போதும். கொஞ்ச நேரத்துல உள்ளங்கையும் விரலும் வெள்ளையா ஊறிச் சுருங்கிடும். எரியும். காய வச்சா பழையபடி ஆயிடும். சுனாமி வந்து போன மறு வருஷம் ஆரம்பிச்சுது. நான் குருசுக்குப்பத்துல மீன் விக்கிறவ. தண்ணியத் தொடாம எனக்கு எப்படிப் பொழுது போவும்?

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். கோயில்ல நடந்ததைத்தான் பொறுக்க முடியல. பூசைக்குப் போறப்ப வாசல்ல தீர்த்தத் தொட்டியில விரலை முக்கி சிலுவை போட்டேன். விரல் வெளுத்துப் போச்சு. பின்னால நின்ன எங்க தெரு பிலோமி, "தீர்த்தம் பட்டே இப்படி ஆவுதுன்னா குஷ்டமா இருக்கப் போவுதுக்கா. தொடாத, புள்ளைங்க கை வைக்கிற தொட்டி"ன்னா. எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னா. நான் யாருக்கும் தலை குனிஞ்சவ இல்ல. அதுக்கப்புறம் அந்தத் தொட்டியத் தொடாமலே உள்ள போனேன்.

டாக்டருங்ககிட்ட போனேன். கையைக் கழுவி, நல்லாக் காயவச்சு, தேங்காண்ணெய் தடவிக்கிட்டுத்தான் போவேன். மீன் கவிச்சியோட போய் நிக்க மானம் விடல. அவங்க பார்த்தா கை நல்லா இருக்கும். "வயசாவுதுல்லம்மா"ன்னார் ஒருத்தர். தண்ணியில முக்கிக் காட்டுறேன்னு நான் சொன்னா, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். இன்னொருத்தர், மனசுல கவலை வச்சுக்காதீங்கன்னார். எனக்கு மனசுலயா நோவு? கையில!

மாதாகிட்ட அழுவல. சண்டை போட்டேன். "தாயே, சுகம் தராட்டியும் போ. நான் சொல்றது நெசம்னு ஒரு ஆளு கண்ணால பாக்கட்டும்."

ஐப்பசியில என் மக விக்டோரியா பஸ் ஏத்தி, கோரிமேட்டுல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. எறங்குனதும் கொட்டுன கொட்டு! குடை மடங்கிப் போச்சு. இந்த மழைய இப்பத்தான் அனுப்பணுமான்னு மாதாவைத் திட்டிக்கிட்டே, ஈர முந்தானையைக் கையில சுருட்டிக்கிட்டு வரிசையில நின்னேன்.

டாக்டரம்மா முன்னால உக்காந்து, ஊறி வெளுத்திருந்த கையைத் துடைக்கப் போனேன். "துடைக்காதீங்கம்மா!"ன்னு கையைப் புடிச்சாங்க. கைக்கு உறைகூடப் போடல. ஒரு மக்குல தண்ணி வாங்கி மறுபடி முக்க வச்சுப் பார்த்தாங்க. "தண்ணி பட்டா வர்ற நோய்ம்மா, ரொம்ப அபூர்வம். குஷ்டம் இல்ல. யாருக்கும் ஒட்டாது."

"இதைத்தானம்மா நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"னேன். மக சிரிச்சுட்டா. நான் அழுதுட்டேன்.

மருந்து தடவுறேன். எரிச்சல் கொறைஞ்சுது, முழுசாப் போவல. அதுல எனக்கு இன்னும் கோவம்தான், ஒளிக்க மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பிலோமிகிட்ட டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிட்டு, அவ பாக்கவே விரலை முக்கி சிலுவை போட்டேன். எனக்குப் பின்னால அவளும் விரலை வச்சா.

முன்னெல்லாம் யாராவது நோவுன்னு சொன்னா காதுல வாங்காம போயிடுவேன். இப்ப நின்னு கேக்குறேன். நீங்களும் மாதாகிட்ட கேளுங்க. அழுகை வரலன்னா கோவமாவே கேளுங்க. அவ தாய், பொறுத்துக்குவா.